குறைக்க முடியாத பத்தாண்டு

குற்றவாளியெனக் கண்டபின் எவ்வளவு தண்டிப்பது என்பதை நிறுத்துப் பார்ப்பது நீதிபதியின் பணி. அந்த நிறைகோலைப் பாராளுமன்றம் பறித்துக்கொண்டால் தண்டனைக் குறைப்பை எவரிடம் கேட்பது? 1962ஆம் ஆண்டு இராணுவச் சதி வழக்கு இவ்வினாவை இலங்கையின் முன் வைத்தது.

அவ்வாண்டு ஜனவரி 27இல் அரசைக் கவிழ்க்கத் தீட்டிய திட்டம் நிறைவேறுமுன் வெளிப்பட்டது. பெப்ரவரியில் வெளியான அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை, குற்றவாளிகளுக்குக் கடுந்தண்டனை வேண்டுமென்றது. மார்ச்சில் நிறைவேறிய குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஜனவரி முதலாந் தேதியிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்பட்டது. குறைந்தது பத்தாண்டுச் சிறையும் ஆதனப் பறிமுதலும் கட்டாயமாயின. சதி வழக்குகள் முடிந்ததும் அச்சட்டமும் செயலிழக்கும். இருபத்துநான்கு எதிரிகளை மனத்திற்கொண்டு இயற்றிய சட்டத்தைப் பொதுச்சட்டம் என அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

யூரியின்றி விசாரிக்க அமைக்கப்பட்ட முதல் நீதிமன்று, தன்னை அமைச்சரே நியமித்தமை செல்லாதென்று கூறி விலகியது. இரண்டாவதும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக அமர்ந்த சன்சோனி, எச். என். ஜீ. பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா ஆகிய நீதியரசர்கள் 324 நாள் விசாரித்து, 1965 ஏப்ரல் 6இல் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டனர். சதியைத் தொடக்கியவர்களையும் தூண்டுதலால் இணைந்தவர்களையும் வேறுபடுத்தித் தண்டிக்கத் தாம் விரும்பியதாகவும், புதிய சட்டம் அத்தற்றுணிபை நீக்கிவிட்டதாகவும் அவர்கள் தீர்ப்பிலேயே பதிந்தனர். எல்லோருக்கும் ஒரே பத்தாண்டு. தாம் விதிக்கும் தண்டனை தமக்கே ஒவ்வாதென நீதியரசர்கள் எழுதிவைப்பது அரிது. என் எண்ணத்தில் வழக்கின் உயிர் அங்கேதான் உள்ளது.

லியனகேயும் ஏனைய பதின்மரும் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிட்டனர். இயற்கை நீதிக்கு மாறான சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்ற வாதம் அங்கு எடுபடவில்லை. ஆனால் சோல்பரி யாப்பு நீதி அதிகாரம் பற்றி மௌனமாயிருந்ததையே கழகம் பொருளுடையதாகக் கொண்டது. 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் முதல் நீதிமன்றங்களிடமிருந்த அவ்வதிகாரத்தை அந்த மௌனம் அவற்றிடமே விட்டுவைத்தது என்றது. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே இயற்றிய சட்டம் அவ்வதிகாரத்தில் தலையிடுவதால் செல்லாது எனப் பியர்ஸ் பிரபு 1965 டிசம்பர் 2இல் தீர்ப்பளித்தார். நாடு பேராபத்தை எதிர்நோக்கியது என்பதைக் கழகம் மறுக்கவில்லை. அது சட்டத்தைக் காக்கவுமில்லை. தண்டனைக் குறைப்பன்று, பதினொருவருக்கும் விடுதலையே கிடைத்தது.

கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. மறுவருடக் குடியரசு யாப்பில், தேசிய அரசுப் பேரவையே நீதிமன்றங்கள் வாயிலாக நீதி அதிகாரத்தைச் செலுத்தும் என எழுதப்பட்டது. அதே 1972இல், முந்திய ஆண்டின் கிளர்ச்சியில் கைதான இளைஞர்களை விசாரிக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் அமைந்தன. அவற்றின் தீர்ப்பை எதிர்த்து எந்த நீதிமன்றுக்கும் செல்ல வழியிருக்கவில்லை.