கடுகண்ணாவையில் இளைப்பாறும் சில்லுகள்

பழைய நாணயங்களையும் முத்திரைகளையும் திரட்டுவோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்காவிலே, சிறுவர் ஏறிச் சறுக்கி விளையாடிய சில்லுப் பலகைகளைக்கூடப் பெருவிலை கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டி வைப்போர் இருக்கின்றனர். கையால் தூக்கக்கூடிய பொருளைத் திரட்டுதல் எளிது. பல தொன் நிறையுள்ள சில்லுகளை எவர் தம் வீட்டில் வைப்பார்? கண்டி நகருக்குச் சற்று முன்னே, கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தருகில், 2014ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் திறக்கப்பட்ட நூதனசாலை அப்பணியை ஏற்றுக்கொண்டது. பழைய இயந்திரங்களும் பெட்டிகளும் சைகைக் கருவிகளும் அங்கே இளைப்பாறுகின்றன.

அந்நாள் தற்செயலாக அமைந்ததன்று. 1864ஆம் ஆண்டு அதே டிசம்பர் 27இல்தான் இலங்கையின் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. இடமும் பொருத்தமானதே. இலங்கைப் புகையிரதப் பாதையின் கடுஞ்சோதனை நிகழ்ந்தது இம்மலைச் சாரலிலாகும்.

அக்காலத்திற் கண்டிச் சீமையின் செல்வம் கோப்பி. அது மாட்டு வண்டிகளில் மலையிறங்கிக் கொழும்புத் துறைமுகத்தை அடையப் பல நாட்கள் செல்லும். வழியில் மாடுகள் மடிவதும் உண்டு. துரைமார் புகையிரதம் வேண்டுமென்று நச்சரித்தனர். 1845இல் ஒரு கம்பனி தோன்றியது. 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆயினும் செலவுக் கணக்கு மலைபோல் வளரவே, கம்பனி கலைக்கப்பட்டு அரசாங்கமே பொறுப்பேற்றது. பேவியல் என்பார் ஒப்பந்தகாரராக வந்தார். இந்தியாவிலே போர்க் கணவாயில் பாதை அமைத்துப் பழகியவர் அவர்.

றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழப் பன்னிரண்டு மைலில் 1,400 அடி உயர வேண்டும். 45 அடி சென்றால் ஓர் அடி ஏற்றம். முன்னே ஓர் இயந்திரம் இழுக்க, பின்னே மற்றொன்று தள்ள, வண்டித் தொடர் மூச்சு வாங்கி ஏறியது. போர்த்துக்கேயப் படையைத் தடுத்து நின்ற பலனைக் கணவாயும் இவ்வழியிலேதான் உள்ளது. பீரங்கி எளிதில் ஏறாத மலையில் இருப்புப் பாதை ஏறிற்று. பாறையை உடைத்துச் சுரங்கம் குடைந்தோருள் தென்னிந்தியத் தொழிலாளரும் அடங்குவர். காய்ச்சல் அவர்களிற் பலரைக் கொண்டுபோயிற்று. கண்டிப் பெருந்தெருவை அமைத்த பொறியியலாளர் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவருக்கு அத்தகைய கோபுரம் எழவில்லை.

1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் நோய் தோன்றியது. எதற்காகப் பாதை வந்ததோ, அப்பயிர் சில காலத்துள் அழிந்தது! நல்வேளையாக, பாதை முடிந்த அதே 1867இல், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பிக்கென இட்ட தண்டவாளத்திலே தேயிலைப் பெட்டிகள் இறங்கலாயின.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த டீசல் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. நீராவி இயந்திரங்களின் காலம் மங்கியது. அவற்றிற் பெரும்பாலானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. முத்திரை சேர்ப்பவனுக்குக் கறையானே பகை. இயந்திரம் காப்பவனுக்கோ துருவோடு இரும்புக் கடைக்காரனும் பகை. தப்பியவை சிலவே.

அவை சுமந்த சரக்கின் கதையை அறிய விரும்புவோர் கண்டிக்குச் சென்று ஹந்தானை மலைமேல் ஏற வேண்டும். 1925இற் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையொன்று அங்கே 2001இல் நூதனசாலையாயிற்று. கொழுந்து உருட்டிய பழைய பொறிகளும், டெயிலர் பயன்படுத்திய சில பொருள்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.