இலையடியில் ஒரு குளவி

1926ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் எல்ஸ்ட்ரீ என்ற ஊர். கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வைத்திருந்த ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்தபோது, அடிப்புறத்தில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் செதில் செதிலாக அப்பிக் கிடந்தன. அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் வெளிறிக் கிடக்க வேண்டிய அந்தச் செதில்களில் சில கன்னங்கரேலென்று இருந்தன. வெள்ளை ஈ கண்ணில் பட்டால் குடிலின் கதவுகளைச் சாத்தி உள்ளே சயனைடு புகை போடுகிற காலம் அது. அன்றைக்கும் அப்படிச் செய்திருந்தால் ஈயோடு சேர்ந்து அந்தக் கறுப்பும் போயிருக்கும். அவரோ செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பூச்சியியலாளர் ஈ. ஆர். ஸ்பேயரிடம் அதைப் பற்றிச் சொன்னார்.

கறுத்த செதில்களிலிருந்து ஈ வெளிவரவில்லை, குளவி வந்தது. அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே நீளம், கறுத்த தலை, மஞ்சள் வயிறு. கொட்டத் தெரியாத, மனிதனை ஏறிட்டும் பார்க்காத குளவி. என்கார்சியா ஃபார்மோசா என்று அதற்கு அப்போதே பெயர் இருந்தது. அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு குடிலில் கிடைத்த குளவிகளை வைத்து கேஹன் என்பவர் 1924இல் சூட்டிய பெயர். அதைக் கொண்டு ஒரு தொழிலையே நடத்தலாம் என்று காட்டியவர் ஸ்பேயர். பசுமைக்குடில் விவசாயத்தில் இன்று ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’ என்று சொல்கிறோமே, அதன் மூத்த கிளைகளில் ஒன்று அந்தக் கறுத்த இலையில்தான் துளிர்த்தது.

குளவி செய்வது இதுதான். வெள்ளை ஈயின் குஞ்சு இலையில் ஊசிபோன்ற வாயைச் செருகிவிட்டால் அப்புறம் இடம் மாறாது. என்கார்சியா அதன்மேல் ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளந்து பார்க்கும். சரியான வயது என்று பட்டால் உள்ளே ஒரே ஒரு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, ஈக்குஞ்சை உள்ளிருந்தே தின்று வளரும். வெளித்தோல் கறுத்துப் போகும். கதகதப்பான குடிலில் ஏறக்குறைய மூன்று வாரத்தில், தோலில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வந்துவிடும். அனேகமாக எல்லாமே பெண் குளவிகள். ஆணின் துணையில்லாமலேயே பெண் பெண்ணைப் பெறுகிறது. அதன் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாதான் காரணம். அதனால் ஒரு கைப்பிடி குளவி கிடைத்தால்கூடப் பெருக்கிவிடலாம்.

செஷன்ட்டில் அப்படித்தான் பெருக்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்குச் சுமார் 15 இலட்சம் குளவிகள் அங்கிருந்து நாற்றுப்பண்ணைகளுக்குப் போயின. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்கூடப் பயணப்பட்டன.

பிறகு டிடிடி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு புதுப்புது மருந்துகள் கடைக்கு வந்தன. ஒரே தெளிப்பில் ஈ விழுந்தது, கூடவே குளவியும் விழுந்தது. 1949 வாக்கில் செஷன்ட்டின் குளவி வளர்ப்பு நின்றுபோனது. இதற்காக அன்றைய விவசாயிகளை நான் குறைசொல்ல மாட்டேன். மூன்று வாரம் பொறுத்திரு என்று ஒரு பக்கம், நாளைக் காலையே சுத்தம் என்று இன்னொரு பக்கம் சொன்னால் கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

குளவியைத் திரும்ப அழைத்து வந்தது இன்னொரு பூச்சி என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெள்ளரிக் குடில்களில் சிவப்புச் சிலந்திப்பேன் மருந்துக்கு மேல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. எதை அடித்தாலும் சாகவில்லை. 1950களின் இறுதியில், சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் டோஸ்ஸே என்ற ஆய்வாளர் ஓர் இரைவிழுங்கிப் பேனைக் கண்டார். பெயர் ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். சிலந்திப்பேனைத் தவிர வேறெதிலும் அதற்கு நாட்டமில்லை. நெதர்லாந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயிக்கு மருந்து வேலை செய்யாமல் போனதோடு, அடித்த மருந்தே உடம்புக்கும் ஆகாமல் போனது. அவர் 1967இல் இந்த இரைவிழுங்கிப் பேனை வளர்த்து மற்றவர்களுக்கும் விற்கத் தொடங்கினார். கோப்பர்ட் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

சிலந்திப்பேனுக்கு மருந்து தேவையில்லை என்றானதும் குடிலுக்குள் விஷம் குறைந்தது. விஷம் குறைந்ததும் என்கார்சியா பிழைத்திருக்க இடம் கிடைத்தது. 1970களில் வெள்ளை ஈ மறுபடி பெருகியபோது பழைய குளவியைத் தேடிப் போனார்கள். கறுத்த செதில்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் ஒட்டி, செடியின் கீழ்க்கிளையில் மாட்டும் வழக்கம் பரவியது. ஒரு பூச்சிக்கு மருந்தடித்தால் இன்னொரு பூச்சியின் எதிரி சாகிறது. ஆகவே எல்லாப் பூச்சிகளையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். ‘ஒருங்கிணைந்த’ என்பதற்கு நடைமுறையில் அர்த்தம் அதுதான். 1980களின் பிற்பகுதியில் தக்காளிப் பூக்களில் மகரந்தச் சேர்க்கைக்குப் பம்பிள் வண்டுத் தேனீக்களைக் குடிலுக்குள் விட்டார்கள். பெல்ஜியத்தின் கால்நடை மருத்துவர் ரோலண்ட் டி யோங்கே தொடங்கிவைத்த வேலை. தேனீ உள்ளே இருக்கும்போது யார் விஷம் அடிப்பார்கள்? அத்துடன் குளவியின் இடம் உறுதியானது.

இதில் மனத்துக்கு மிகவும் சங்கடமான பகுதி ஒன்று உண்டு. ஈ முழுக்க ஒழிந்துவிட்டால் குளவியும் பட்டினியில் செத்துவிடும். அடுத்த வாரம் ஈ மறுபடி வந்தால் காவலுக்கு ஆளிருக்காது. ஆகவே கொஞ்சம் பூச்சி இருக்கத்தான் வேண்டும். கலிஃபோர்னியாவின் பூச்சியியலாளர் ஸ்டெர்னும் அவருடைய சகாக்களும் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுவே: பூச்சி இருக்கிறதா என்று கேட்காதே, சேதம் செலவை மிஞ்சும் அளவுக்கு இருக்கிறதா என்று கேள். 1977இல் இங்கிலாந்தில் ஸ்டேசி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளை ஈயும் என்கார்சியாவும் சேர்ந்து வாழும் தக்காளிச் செடிகளைத் தெரிந்தே குடிலுக்குள் கொண்டுபோய் வைத்தார். குளவிக்கு அது நிரந்தரச் சோற்றுப்பானை.

தமிழ்நாட்டின் கதைக்கு வருவோம். குடில்களில் வரும் அந்த வெள்ளை ஈ நம்மிடம் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளோடு நின்றுவிட்டது. சமவெளியில் தொல்லை தருவது வேறு வகை. ஆனால் என்கார்சியா குடும்பம் பெரியது. 1993இல் கேரளத்தில் சுருள் வெள்ளை ஈ நுழைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதைத் தின்னும் என்கார்சியா குளவி இலட்சத்தீவின் மினிக்காயில் தென்பட்டது. யாரும் கொண்டுவந்து விட்டதல்ல. ஈயின் பின்னாலேயே கடல் தாண்டி வந்திருக்கிறது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தோன்றியது. 2004இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட பூச்சி அது. விவசாயிகள் கலங்கி நின்றபோது, ஆய்வாளர்கள் ஓலையைத் திருப்பிப் பார்த்தார்கள். என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி அங்கே ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது. மருந்தடிக்காத சில தோப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்குள் அது முட்டை வைத்திருந்தது.

ரூகோஸ் வெள்ளை ஈ சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. முட்டுக்காட்டில் காயலோரத் தென்னையானாலும் சரி, கோவளத்து வீட்டுத் தோட்டமானாலும் சரி, அது வந்த அடையாளம் ஒன்றே. கீழடுக்கு மட்டைகளின் மேற்புறம் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். ஈ கழிக்கும் தேன்போன்ற திரவம் கீழே உள்ள ஓலைகளில் வடிந்து, அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்கிறது. மரத்தடியில் வாழை இருந்தால் அதன் இலையும் கறுக்கும், நிறுத்திய காரின் கூரையும் பிசுபிசுக்கும். மரம் செத்துவிடுமோ என்ற பயத்தில் மருந்துத் தெளிப்பான் வந்து நிற்கிறது. ஆனால் வெறும் வெள்ளை ஈயால் தென்னை பட்டுப்போவதில்லை.

எனவே தெளிப்பதற்கு முன் ஒரு மட்டையை இழுத்து ஓலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கினாலே தெரியும். மெழுகுப் பொடியும் சுருள் சுருளான முட்டை வரிசையும் ஈயுடையவை. காலியான கூடுகளில் முதுகு நெடுக்கிலும் குறுக்கிலுமாகக் கிழிந்திருந்தால் ஈ பறந்துபோயிருக்கிறது. ஊசியால் குத்தியெடுத்ததுபோல் ஒரே ஒரு வட்டத் துளை இருந்தால் அதிலிருந்து வெளியே வந்தது குளவி. வட்டத் துளைகள் கூடுதலாக இருக்கும் தோப்பில் விஷத் தெளிப்பை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழியும் இதையொட்டியதே. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் என்கார்சியாவை வளர்த்து, குளவிக்கூடுகள் உள்ள ஓலைத் துண்டுகளாகத் தருகிறார்கள். அவற்றைத் தாக்குதலுள்ள மரத்தில் செருகிவைத்தால் போதும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தோப்பில் கட்டுகிறார்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள்மீது உள்ள ஈர்ப்பை லாய்டு என்பவர் 1921இலேயே எழுதிவைத்தார். கறுத்த ஓலைக்கு மைதா மாவுக் கரைசல், லிட்டருக்கு 25 கிராம். அது காய்ந்து உரியும்போது பூஞ்சணத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். விசைத்தெளிப்பானால் பச்சைத் தண்ணீரை ஓலையின் அடியில் பீய்ச்சினாலும் ஈக்கள் உதிரும். தென்னைக்கு இடையே வாழையும் கல்வாழையும் நடச் சொல்கிறார்கள். அவற்றின் இலைகளில் ஈ வந்து தங்கும், ஈயை நாடி குளவி தங்கும். குடிலுக்குள் ஸ்டேசி வைத்த தக்காளிச் செடியின் வேலையை இங்கே வாழை செய்கிறது. அந்த வாழையைக் கறுத்துப் போனது என்று வெட்டிவிடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2018 வாக்கில் கூடுகட்டும் வெள்ளை ஈ வகைகள் இரண்டு கேரளத் தென்னைகளில் தெரிந்தன, அங்கிருந்து பரவின. இவை அளவில் சிறியவை, மெழுகுநூலால் சின்னக் கூடு கட்டி உட்காருபவை. ரூகோஸை அடக்கிய என்கார்சியா இவற்றைத் தொடுவதில்லை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் ஓரளவு தின்கின்றன, அது போதவில்லை. இவற்றுக்கென்றே அமைந்த ஒட்டுண்ணியை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஓலையடியில் இதுவரை பார்த்திராத நிறத்தில் ஒரு கூடு கண்ணில் பட்டால், அந்த ஓலையை ஒடித்துப் பையில் போட்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள்.