பதிவுக்குப் பிந்தைய கார் மாற்றங்களும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும்

பதிவு செய்யப்பட்ட காரின் உடற்கூடு, எஞ்சின், கண்ணாடி, விளக்கு, சக்கரம் ஆகியவற்றில் உரிமையாளர் பின்னர் செய்துகொள்ளும் மாற்றங்களை இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. புதிய மாடல் ஒன்று விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரி வண்டி புனே, மானேசர், சென்னையை அடுத்த ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள சோதனை நிலையங்களில் மோதல், பிரேக், விளக்கு, புகை எனப் பலவகைச் சோதனைகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெறுகிறது. இதற்கு வகை ஒப்புதல் என்று பெயர். அந்த ஒப்புதல் தனித்தனி உதிரிபாகங்களின் தொகுப்புக்கு அன்றி, அவை ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் முழு வண்டிக்கே வழங்கப்படுவதால், ஒரு பாகத்தை மாற்றுவது சோதிக்கப்படாத ஒரு புதிய வண்டியைச் சாலையில் இறக்குவதற்கு ஒப்பாகிவிடக்கூடும்.

சட்டத்தின் 52ஆம் பிரிவு இந்த அடிப்படையிலேயே அமைந்துள்ளது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்று அது விதிக்கிறது. மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை இயல்பையே வேறாக்கும் கட்டமைப்பு மாறுதல் என்று அப்பிரிவே விளக்குகிறது. கேரள மாநில விதிகளைச் சுட்டிக்காட்டி அம்மாநில உயர் நீதிமன்றம் சில மாற்றங்களை ஏற்றுக்கொண்டிருந்த வழக்கில், மாநில விதி மத்தியச் சட்டத்தை மீற இயலாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்ணம் பூசுதல், சிறு துணைக்கருவி பொருத்துதல் போன்றவை அடிப்படை இயல்பை மாற்றாதவரை இத்தடைக்குள் வருவதில்லை. எனினும் பதிவுச் சான்றில் வண்டியின் நிறமும் குறிக்கப்படுவதால், நிறத்தை மாற்றுவோர் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

காரின் முன்புறம் பொருத்தப்படும் இரும்புக் கம்பிச் சட்டமான புல் பார், பாதுகாப்புக்காக வாங்கப்பட்டுப் பாதுகாப்பையே குலைக்கும் பொருளாகும். மோதலின் ஆற்றலை உள்வாங்கி நசுங்குமாறே காரின் முன்பகுதி வடிவமைக்கப்படுகிறது. அப்போது வண்டியின் வேகம் திடீரெனக் குறைவதை உணரிகள் அளந்தறிந்து, பயணியின் தலை முன்னோக்கிப் பாயுமுன் ஏர் பேக்கை விரியச் செய்கின்றன. வண்டியின் சட்டகத்தில் நேரடியாக முடுக்கப்பட்ட கம்பி, அதிர்வை வேறு வழியில் உள்ளே கடத்துவதால், ஏர் பேக் விரியும் கணம் பிசகவும், பயணிகள் தாங்கும் விசை கூடவும் இடமுண்டு. பாதசாரிக்கோ வளைந்து கொடுக்கும் பம்பருக்குப் பதில் வளையாத இரும்பே எதிர்ப்படுகிறது. சாலையில் எவ்விதக் கவசமும் இன்றி நடப்பவரின் உயிர் இதில் பணயமாவதை நோக்கின், மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் புல் பார்களை 52ஆம் பிரிவுக்கு முரணானவை எனக் கூறி நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது மிகவும் தேவையான செயலே.

கண்ணாடி பற்றிய சட்டநிலை இவ்வளவு நேரானதன்று. விதி 100, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்கிறது. இந்த அளவு கண்ணாடியின் தயாரிப்புக்கே உரியது, அதன்மேல் எந்த ஃபிலிமும் ஒட்டலாகாது என 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் விதி திருத்தப்பட்டு, உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடியும் ஏற்கப்பட்டதால், ஒளி அளவு குறையாத ஃபிலிமுக்குத் தண்டம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. அளவைக் குறைக்கும் கருப்பு ஃபிலிம் இன்றும் குற்றமே.

சட்டம் அனுமதிக்கும் மாற்றங்களும் உள்ளன. ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி. கருவித் தொகுதியைப் பொருத்தி எரிபொருளை மாற்றலாம். ஆனால் அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏற வேண்டும். வாயு உருளையும் குறித்த காலங்களில் அழுத்தச் சோதனைக்கு உள்ளாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப கை இயக்கப் பிரேக் முதலியவற்றை அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். விற்பவர்மீதும் கண் திரும்பியுள்ளது: சீட் பெல்ட் அணியாமலே எச்சரிக்கை ஒலியை அடக்கும் கொக்கிகளை இணைய அங்காடிகளிலிருந்து நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட்டது.

இவ்விதிகளின் பெரிய குறை சோதனை முறையில்தான் உள்ளது. வாடகை வாகனங்கள் குறித்த இடைவெளியில் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவோ 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அதன் பிரேக்கையும் விளக்கையும் கட்டாயமாகப் பார்வையிடும் ஏற்பாடு இல்லாததால், சாலையில் காவலரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ நிறுத்தினாலன்றித் தவறான மாற்றம் வெளிப்படுவதில்லை. அவர்களும் வெளியே தெரியும் கருப்பு ஃபிலிமையும் புல் பாரையும் எளிதில் காண்கிறார்களே தவிர, மாற்றப்பட்ட சஸ்பென்ஷனையோ எஞ்சின் கணினியின் மென்பொருளையோ சாலையோரத்தில் கண்டறிய அவர்களிடம் கருவி இருப்பதில்லை.