கர்ப்பிணி செவிலியர், டாக்டர்கள் கவனத்துக்கு: ஆஸ்பத்திரி வேலையில் எதெல்லாம் ஆபத்து? எப்போது சொல்ல வேண்டும்?

கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் வெளியே சொல்லாத." ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. "சொல்லிட்டா வேலை போயிடுமோ?"

ஆனால் குழந்தையின் இதயம், மூளை, கை, கால் எல்லாம் உருவாகத் தொடங்குவது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். கதிர்வீச்சு, சில மருந்துகள், சில கிருமிகள் அதிகப் பாதிப்பை ஏற்படுத்தக் கூடிய காலமும் அதுவே. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டியூட்டி போடுபவருக்கு மட்டுமாவது சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது.

எக்ஸ்ரே, சி.டி., கேத் லேப்: கர்ப்பிணிகள் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கணக்கு மாறும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கான வரம்பு, ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட். கர்ப்பம் உறுதியான பிறகு, மீதமுள்ள கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்து கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. நிர்வாகத்துக்குத் தெரியாவிட்டால் இந்த விதி யாருக்காகவும் வேலை செய்யாது.

எனவே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் தவிர, லெட் ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றுப் பகுதியில் அணிய இன்னொரு அளவுக் கருவி கேட்கலாம். வார்டில் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது விலகி நிற்பதே பெரிய பாதுகாப்பு. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகக் குறையும். நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் வேலையை வேறு ஒருவர் செய்யட்டும்.

அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. ஆனாலும் எம்.ஆர்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அறைக்குள் நிற்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மருந்திலும் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் வருவது கீமோதெரபி மருந்துகள். 2012-ல் வெளியான அமெரிக்க செவிலியர்கள் குறித்த ஆய்வில், இந்த மருந்துகளைக் கையாண்டவர்களிடம் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மருந்து கலப்பது, ஏற்றுவது, சிந்தியதைத் துடைப்பது ஆகிய மூன்றிலிருந்தும் மாற்று டியூட்டி கேட்பதுதான் சரி.

பலரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கீமோ ஏற்றிய நோயாளியின் சிறுநீர், வாந்தி, மலத்தில் சுமார் 48 மணி நேரம் வரை மருந்தின் மிச்சம் வெளியேறும். பெட்பேன் எடுப்பவர், படுக்கை விரிப்பு மாற்றுபவர், கழிவறை கழுவும் தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். கர்ப்பிணிப் பணியாளருக்கு மாற்று வேலை என்றால் அதில் அவர்களும் அடக்கம்.

மெத்தோட்ரெக்சேட், மிசோபிராஸ்டால் போன்ற மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க வாயுக்களை வெளியேற்றும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு, குளுட்டரால்டிஹைடு இருக்கும் பகுதியிலிருந்தும் தள்ளி இருப்பது நல்லது.

எந்தத் தொற்றுகளில் கவனம் வேண்டும்?

- சின்னம்மை, ருபெல்லா: ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் தடுப்பூசி போட்டவர்களுக்கும் பொதுவாக எதிர்ப்பு சக்தி இருக்கும். சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனை போதும். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் இந்த நோயாளிகளைப் பார்க்கக் கூடாது. சின்னம்மை நோயாளியுடன் இருந்துவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கான இம்யூனோகுளோபுலின் ஊசியை 10 நாளுக்குள் போட வேண்டும்.
- காசநோய்: சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதாது. முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 வேண்டும்.
- சைட்டோமெகலோ வைரஸ்: சின்னக் குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும். குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு முறையும் கை கழுவுவதே பாதுகாப்பு.

தடுப்பூசிகளில் ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ இரண்டையும் கர்ப்ப காலத்தில் போட்டுக்கொள்ளலாம். எம்.எம்.ஆர்., சின்னம்மை தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியால் ஆனவை. அவற்றைக் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டால்?

சோப்பு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காயத்தை அழுத்திப் பிழியக் கூடாது. டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பதிவு செய்ய வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பமாக இருப்பது இந்த மருந்துக்குத் தடையல்ல. "வயித்துல குழந்தை இருக்கே" என்று தயங்கித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

நைட் டியூட்டி பார்க்கலாமா?

டென்மார்க்கில் பெரும்பாலும் மருத்துவமனை ஊழியர்களான சுமார் 22 ஆயிரம் கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்து வரும் வாரத்தில் கருச்சிதைவு அபாயம் சுமார் 32 சதவீதம் அதிகமாக இருந்தது. நைட் பார்த்தால் கரு கலைந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று கேட்க இது நியாயமான காரணம்.

நோயாளியைத் தனியாகத் தூக்குவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, மணிக்கணக்கில் நின்றே இருப்பது ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கவும் கழிவறை போகவும் நேரம் கேட்பது சலுகை கேட்பது அல்ல.

சொன்னால் வேலை போகுமா? சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமும், அதன் விதிகளை உள்வாங்கிய 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தரும் முக்கியப் பாதுகாப்புகள் இவை:

- பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.
- பிரசவத் தேதிக்கு சுமார் 10 வாரம் முன்பிருந்து, கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது.
- மகப்பேறு விடுப்பில் இருப்பவரை அதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.
- கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு.

தமிழ்நாட்டில் நிரந்தர அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு.

ஒப்பந்த ஊழியர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பும் இருக்கிறது. டெல்லி அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருந்த பெண் டாக்டர் ஒருவருக்கு, ஒப்பந்தம் முடியும் நாள் வரை, அதாவது 11 நாள் மட்டுமே மகப்பேறு பலன் தர முடியும் என்று நிர்வாகம் சொன்னது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தகுதி இருந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் முழுப் பலனையும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடின வேலை தரக் கூடாது என்ற விதி கடைசி மாதங்களுக்குத்தான். முதல் மூன்று மாதத்தில் கீமோ வார்டிலிருந்தோ நைட்டிலிருந்தோ மாற்று டியூட்டி வேண்டுமென்றால், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த ரோஸ்டரில் காணாமல் போய்விடும். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அல்லது துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பிரசவத் தேதி, இப்போது பார்க்கும் டியூட்டி, அதில் தவிர்க்க வேண்டிய வேலை, கேட்கும் மாற்று டியூட்டி ஆகியவற்றை எழுதி, டாக்டரின் சான்றிதழை இணைக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிய நகல் ஒன்று கையில் இருக்கட்டும். விஷயம் வார்டு முழுக்கத் தெரிய வேண்டாம் என்றால், ரகசியமாக வைக்கும்படி அதே கடிதத்தில் கேட்கலாம்.