சுண்ணாம்பும் பவளமும்

நியூ ஜெர்சி எடிசனில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் 75 காலன் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இரவும் அதில் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்தச் சுண்ணாம்பை எடுத்துத்தான் பவள உயிரிகள் தமக்குக் கல்கூடு கட்டிக்கொள்கின்றன. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970களில் ஐரோப்பாவில் பரப்பிய முறை இது. அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் இன்றும் இதை ஜெர்மன் மொழியில் ‘கால்க்வாஸர்’ என்றே சொல்கிறார்கள்.

முதன்முறை அந்தப் பொடியைக் கரைத்தபோது, தூத்துக்குடியில் தாத்தா வீட்டுச் சுவரின் வாசனை வந்தது.

அந்தச் சுவரே கடலிலிருந்து வந்ததுதான். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை உடைத்து, வள்ளத்தில் கரைசேர்த்து வீடு கட்டினார்கள். மிச்சத்தைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பிறகு ஆலைகளுக்கும் அது மூலப்பொருளானது. உடைத்தவர்களுக்கு அது அன்றாடக் கூலி. வாங்கியவர்களுக்கு வெறும் கல். உயிர் என்று யாரும் நினைக்கவில்லை. 1986இல் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல்தான் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இன்று விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் இருக்கின்றன. அலையைத் தடுத்த பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

என் பொழுதுபோக்கின் வரலாறும் இதற்குச் சளைத்ததல்ல. 1961இல், நியூ ஜெர்சியிலிருந்து வெளிவந்த ‘டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில் ஜகார்த்தாவின் லீ சின் எங் தன் முறையை விளக்கினார். கடல்நீர், காற்றுக் குமிழ், பாறையிலிருந்து எடுத்த ‘உயிருள்ள கல்’ ஆகியவை போதும், நீர் தானே தெளியும் என்றார். அழகான யோசனைதான். ஆனால் அது பரவியபோது ஒவ்வொரு வரவேற்பறைக்கும் எங்கோ ஒரு பாறை உடைபட்டது. ஃப்ளோரிடா 1989இல் தன் கடலில் அந்தக் கல்லை எடுக்கத் தடை விதித்தது. 1990 முதல் கல்பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. தாத்தா தலைமுறை சுவருக்கு எடுத்ததை, நாங்கள் அலங்காரத்துக்கு எடுத்தோம்.

என் பங்கும் இதில் உண்டு. முதல் வருடம், கடைக்காரர் “எதையும் தின்னும்” என்று சொன்னதை நம்பி மாண்டரின் மீன் ஒன்று வாங்கினேன். கல்லிடுக்கில் வாழும் நுண்ணுயிரிகளைத் தவிர அது வேறெதையும் தொடவில்லை. புதுத்தொட்டியில் அவை போதுமான அளவு இல்லை. இரண்டு மாதம் என் கண் முன்னால் மெலிந்து செத்தது. கடலில் பிடிபட்ட மீன் அது.

அதற்குப் பிறகு கடலிலிருந்து எடுத்த எதையும் வாங்குவதில்லை. காய்ந்த கல், தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன்கள், மற்றவர்களின் தொட்டியில் வளர்ந்த பவளக் கிளைகள் மட்டும்தான். ஃப்ரீமான்டிலிருந்து ஒரு நண்பர் விரல்நுனி அளவுக் கிளையைக் கூரியரில் அனுப்பினார். வில்லையில் ஒட்டி வைத்தேன், கிளைவிட்டது. அதிலிருந்து வெட்டிய துண்டு இப்போது ஹூஸ்டனில் வளர்கிறது.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் 2002 முதல் இதையே கடலுக்குள் செய்துவருகிறது. பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள். அதைப் படித்த நாளில் எனக்குப் பெருமை வந்தது. மகள் கேட்டாள்: “அப்பா, நம்ம பவளத்தை அங்க கொண்டுபோய் நடலாமா?”

கூடாது. வேற்றுக்கடல் உயிரி நோயையும் கொண்டுபோகும். 1985இல் ஃப்ளோரிடா கடலில் முதன்முதலாகக் காணப்பட்ட சிங்க மீன், வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டது என்றே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க அதுதான் தலைவலி. அது மட்டுமல்ல, கடல் சூடேறியதால் 2010இலும் 2016இலும் மன்னார்ப் பவளங்கள் வெளுத்தன. என் விளக்கும் பம்பும் ஹீட்டரும் இழுக்கும் மின்சாரம் அந்தச் சூட்டில் சேராதா?

என் தொட்டி எந்தப் பாறையையும் காப்பாற்றவில்லை. பாறையிலிருந்து எடுக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். தாத்தா காலத்தில் பவளம் சுண்ணாம்பானது. இங்கே இரவுதோறும் சுண்ணாம்பு பவளமாகிறது. கடன் அடைந்துவிட்டதாக மகளிடம் சொல்லவில்லை. யாரிடம் வாங்கிய கடன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.