நீரிழிவும் உணவு முறையும்: பொம்மிடி வட்டாரம்

பொம்மிடி, தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் உள்ள ஊர். ராகியும் சாமையும் மானாவாரியாக விளையும் மாவட்டம் இது. களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு என்பதே இங்கு பல தலைமுறைகளின் அன்றாடச் சாப்பாடு. ரேஷன் அரிசி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என மூன்று வேளையும் அரிசிக்கு மாறிய வீடுகள் பல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. தமிழ்நாட்டின் அளவு 14.4 விழுக்காடு.

2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. விளைகிற இடத்திலேயே ராகியை மீண்டும் அடுப்பேற்ற எடுத்த நல்ல முடிவு. ஆனால் 'ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்று நம்பி, கணக்கில்லாமல் சாப்பிடுவது ஆபத்து. 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம் மாவுச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 78. வித்தியாசம் அவ்வளவுதான். 150 கிராம் மாவில் கிளறிய களி உருண்டைகளில் 100 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அது ஏறக்குறைய 130 கிராம் அரிசியில் வடித்த சோற்றுக்குச் சமம். நொய்யரிசி சேர்த்துக் கிளறினால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ராகியின் உண்மையான பலம் நார்ச்சத்து. 100 கிராமில் சுமார் 11 கிராம் உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. உமியும் தவிடும் நீக்கித் தீட்டிய சிறுதானியத்திலும், நைஸாக அரைத்துச் சலித்த மாவிலும் இந்தப் பலம் குறைந்துவிடும். கெட்டியான களியை மென்று விழுங்குவதைவிட, கரைத்த கூழை மடமடவென்று குடிக்கும்போது சர்க்கரை விரைவாக ஏறும். சர்க்கரை போட்ட ராகி மால்ட் இன்னும் மோசம்.

எனவே தானியத்தை மாற்றுவதோடு தட்டின் அளவையும் மாற்ற வேண்டும். தட்டில் பாதி கீரை, பீர்க்கங்காய், புடலங்காய் போன்ற காய்கள். கால் பங்கு கொள்ளு, பயறு, முட்டை, மீன். மீதிக் கால் பங்குதான் களியோ சோறோ. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தானியத்துக்கு வந்தால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. மரவள்ளிக்கிழங்கு காய்க் கணக்கில் சேராது. அது தானியத்தின் இடத்துக்குரியது. மாம்பழப் பருவத்தில் ஒன்றிரண்டு துண்டு தின்றால், அந்த வேளைச் சோற்றை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

இப்படிச் செய்வதால் பலன் உண்டா என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

நோய் ஏற்கெனவே வந்தவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு உணவை மட்டும் நம்பக் கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்போர் விரதம் இருந்தாலும், திடீரெனச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாலும் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரலாம். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரையின் அளவே வேறு.

சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அத்திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் மாத்திரையை வாங்கி வைப்பதோடு நிறுத்தாமல், மூன்று வேளையும் என்ன, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உணவை மாற்றும் முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள்.