ஓடுபாதைக்குக் கீழே ஒரு கிராமம்

அரண்மனையையும் ஆலயத்தையும் பேணுவது மரபுரிமைக் காப்பு என்பதனை யாவரும் ஒப்புவர். தொழிற்சாலையைப் பேணுவதும் அத்தகையதே என்றால் வியந்து நோக்குவோர் நம்மிடையே இன்னும் உளர். பழைய பட்டறைகளை இடித்தகற்றிப் புதிய கைத்தொழிலுக்கு இடம்விட வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். அவற்றைக் காத்து வருந்தலைமுறைக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றொரு சாராரின் வாதம். இவ்விரு சாராரும் கேட்க மறந்த வினாக்கள் இரண்டுண்டு. காக்கப்படுவது எவருடைய நினைவு? கட்டப்படுவது எவருடைய நன்மைக்கு? இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரை அடுத்துள்ள பில்டன் விமானத்தளத்தின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுவோம்.

பில்டனின் கதை 1910இல், ட்ராம் வண்டிகளை நிறுத்திவைக்கும் கொட்டகைகளில் தொடங்கிற்று. பிறிஸ்டல் ட்ராம் கம்பனியின் தலைவராயிருந்த சேர் ஜோர்ஜ் வைட் என்னும் முதலாளி, ஆகாய விமானம் செல்வர்தம் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடாது என்பதனைக் கண்டுகொண்டார். அவ்வாண்டு பெப்ரவரியில் அவர் நிறுவிய கம்பனியே பிற்காலத்தில் பிறிஸ்டல் விமானக் கம்பனி எனப் பெயர்பெற்றது. நான்காண்டுகளில் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. அரசாங்கங்கள் விமானங்களை வாங்கிக் குவித்தன. மரச்சட்டங்களாலான பெருங்கூரை தாங்கிய விமானக் கொட்டகைகள் அந்த யுத்தத்தின் தேவைக்காகவே பில்டனில் எழுந்தன. இன்று நூதனசாலையாக விளங்குவனவும் அவைதாம்.

அடுத்த யுத்தத்திற்கான ஆயத்தமும் இங்கே விசித்திரமான முறையிலேயே தொடங்கிற்று. 'டெயிலி மெயில்' பத்திரிகையின் அதிபரான றொதமியர் பிரபு தமக்கெனவொரு விரைவு விமானம் வேண்டுமென விரும்பினார். 1934இல் மொஸ்லியின் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகளைத் தம் பத்திரிகையிற் போற்றியவர் இவரே. 1935இல் பில்டனில் பறந்த அவ்விமானம் பிரித்தானிய விமானப்படையின் போர்விமானங்களையும் வேகத்தில் விஞ்சிற்று. பிரபு அதனை நாட்டுக்கு அன்பளித்தார். அதன் வழிவந்ததே பிளென்ஹைம் என்னும் குண்டுவீச்சு விமானம். நம் நாட்டு வரலாற்றோடும் இதற்குத் தொடர்புண்டு. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த தற்காலிக விமானத்தளத்திலிருந்து ஒன்பது பிளென்ஹைம்கள் யப்பானியக் கடற்படையைத் தாக்கச் சென்றன. பல திரும்பவில்லை.

யுத்தம் பில்டன் தொழிலாளரையும் விட்டுவைக்கவில்லை. 1940 செப்டெம்பர் 25ஆம் திகதி முற்பகலில் ஜேர்மன் விமானங்கள் தொழிற்சாலைமீது குண்டுமாரி பொழிந்தன. அபாயச் சங்கு கேட்டுத் தொழிலாளர் ஒதுங்கியிருந்த பதுங்குகுழிகள் சிலவற்றின்மீதே குண்டுகள் விழுந்தன. காலையிற் கடமைக்கு வந்தோரிற் பல பத்துப்பேர் மாலையில் வீடு திரும்பவில்லை. விமானத்தை வடித்தவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. ஆணியறைந்தவரும் தகடு வளைத்தவரும் பதுங்குகுழியில் மடிந்தவரும் அந்நூல்களில் வெறும் தொகையாகவே நிற்கின்றனர்.

யுத்தம் முடிந்தபின் நிகழ்ந்தவை இரண்டினை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். குண்டுவீச்சில் வீடிழந்த மக்களுக்கு உறைவிடம் தேவைப்பட்டது. விமானத் தொழிற்சாலைகளோ வேலையின்றி நின்றன. ஆகவே அலுமினியத் தகடுகளால் ஆயத்த வீடுகளைச் செய்யும் பணி அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டது. வெஸ்டன்-சுப்பர்-மெயர் என்னும் ஊரிலிருந்த பிறிஸ்டல் கம்பனியின் தொழிற்சாலையும் இதில் ஈடுபட்டது. இத்திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. போர்க்கருவி செய்த கை வீடு கட்டவும் வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. நூறு பயணிகளை அத்திலாந்திக் கடலுக்கப்பால் சொகுசாகக் கொண்டுசெல்லவென 'பிறபசோன்' என்னும் பெருவிமானம் திட்டமிடப்பட்டது. அதன் இறக்கைகளின் அகலம் 230 அடி. அதற்கென மாபெரும் கொட்டகைகள் கட்டப்பட்டன, ஓடுபாதையும் நீட்டப்பட்டது. அவ்வாறு நீட்டுதற்குத் தடையாய் நின்றது சார்ல்டன் என்னும் சிறு கிராமம். கிராமத்தின் பெரும்பகுதி இடித்தழிக்கப்பட்டது. மக்கள் வேறிடங்களுக்குச் சென்றனர். 1949 செப்டெம்பர் 4ஆம் திகதி விமானம் முதன்முறையாகப் பறந்தது. ஆயின் அதனை வாங்குவார் எவருமிலர். 1953இல் திட்டம் கைவிடப்பட்டு, விமானம் உடைத்துப் பழைய உலோகமாக்கப்பட்டது. ஒருபுறம் வீடற்றோர்க்கு வீடு. மறுபுறம் வீடுள்ளோரை வெளியேற்றி ஓடுபாதை. ஒரே கம்பனி, ஒரே காலம். தொழில்நுட்பம் தானாக நன்மையுமன்று, தீமையுமன்று. அதனை ஏவும் நோக்கமே அதன் தன்மையை நிர்ணயிக்கின்றது.

அக்கொட்டகைகளில் பின்னர் கொன்கோர்ட் விமானங்கள் உருப்பெற்றன. மொத்தம் செய்யப்பட்ட இருபதில் பத்துப் பில்டனிலும் பத்துப் பிரான்சின் துலூசிலும் பொருத்தப்பட்டன. ஒலியினும் விரைந்து செல்லும் இவ்விமானம் இரு நாட்டுப் பொதுமக்களின் வரிப்பணத்தால் உருவானது. அதிற் பறந்தோரிற் பெரும்பாலோர் செல்வர். எனினும் இடதுசாரியான ரொனி பென் அதனை உறுதியுடன் ஆதரித்தார். அவர் தொழில்நுட்ப அமைச்சர். பிறிஸ்டல் நகரின் பாராளுமன்ற உறுப்பினருங்கூட. தம் தொகுதித் தொழிலாளரின் வேலையை அவர் காக்க வேண்டியிருந்தது. இம்முரண்பாட்டை நாம் எளிதில் நகைத்துத் தள்ளிவிட முடியாது. எதனை உற்பத்தி செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையில்லாத தொழிலாளி, கிடைத்த வேலையைக் காக்கவே போராட வேண்டியவனாகின்றான்.

1977இல் விமானத் தொழில் தேசியமயமாக்கப்பட்டது. 1981 முதல் அது மீண்டும் தனியார் கைக்கு மாறத் தொடங்கிற்று. இறுதியாகப் பறந்த கொன்கோர்ட் 2003 நவம்பர் 26ஆம் திகதி பில்டனில் வந்திறங்கிற்று. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அது மழையிலும் வெயிலிலும் வெளியே நின்றது. மக்கள் பணத்தாற் பிறந்த அற்புதத்துக்கு ஒரு கூரை கிடைக்க அத்துணைக் காலம் சென்றது. இலாபமில்லை என்னும் காரணங்காட்டி 2012 டிசெம்பரில் விமானத்தளத்தை உரிமையாளர் மூடினர். 2015இல் அக்காணி மலேசியாவின் வை.ரீ.எல். நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2017இல் கொன்கோர்ட்டுக்குப் புதிய மண்டபமும் பழைய கொட்டகைகளில் நூதனசாலையும் திறக்கப்பட்டன.

இன்று பில்டனில் நூதனசாலையுமுண்டு, உயிருள்ள கைத்தொழிலுமுண்டு. எயர்பஸ் நிறுவனத்தின் இறக்கை வடிவமைப்பு அங்கேயே நடைபெறுகின்றது. 2023இல் புதிய இறக்கைத் தொழில்நுட்ப நிலையமும் திறக்கப்பட்டது. பிறபசோன் கொட்டகைகளைப் பெருங்கலையரங்கமாக மாற்றுதற்கு 2020இல் அனுமதி கிடைத்தது. ஓடுபாதைக் காணியில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கொண்ட புதுநகர் திட்டமிடப்பட்டது. தோல்வியுற்ற விமானத்தின் பெயரே அந்நகருக்குப் பெயராயிற்று. அழிந்த கிராமத்தின் பெயரோ விமானத்தளத்தின் வடபுறத்தெழுந்த 'சார்ல்டன் ஹேய்ஸ்' என்னும் குடியிருப்பின் பெயரில் மீண்டுள்ளது. வீடுகளை இடித்து ஓடுபாதை போட்டனர். ஓடுபாதையை அகற்றி வீடு கட்டுகின்றனர். ஆயின் அன்று வெளியேறிய குடியானவர் எங்கே, இன்று விலைகொடுத்து வாங்குவோர் எங்கே?

மரபுரிமைக்கும் புதிய கைத்தொழிலுக்கும் இயல்பான பகை எதுவுமில்லை என்பதே பில்டன் நமக்குணர்த்தும் பாடம். பழைய கூரையின் கீழ் நூதனசாலை நடத்தலாம். அயலிலேயே புதிய பட்டறையும் இயங்கலாம். ஓய்வுபெற்ற தொழிலாளர் தொண்டர்களாக வந்து பழைய விமானங்களைச் செப்பனிடுகையில் மரபு கண்ணாடிப் பெட்டியை விட்டுக் கைகளில் வாழ்கின்றது. அக்கைத்திறன் அருகிலுள்ள தொழிற்கூடத்தின் பயிலுநருக்குச் சென்றுசேருமாயின் பழமையும் புதுமையும் ஒன்றையொன்று வளர்க்கும். ஆபத்து வேறிடத்திலிருந்து வருகின்றது. நூதனசாலை காணி விலையை உயர்த்தும் அலங்காரமாகுமாயின், இயந்திரத்தின் பளபளப்பு மட்டுமே அங்கு மிஞ்சும். வியர்வையும் குருதியும் துடைத்தழிக்கப்படும்.

ஆதலின் இத்தகைய நூதனசாலை எதனையும் அளந்தறிதற்கு நாம் கொள்ளத்தக்க உரைகல் ஒன்றுண்டு. விமானத்துக்கு அளிக்கப்படும் இடம் அதனைச் செய்தவனுக்கும் அளிக்கப்படுகின்றதா? அவ்விமானம் வீசிய குண்டுக்கு இரையானவன் நினைக்கப்படுகின்றானா? ஓடுபாதைக்காகத் தன் அடுப்படியை இழந்தவள் கதை சொல்லப்படுகின்றதா? மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச்செல்லும் ஆசிரியர்கள் இம்மூன்று வினாக்களையும் உடன்கொண்டு செல்வார்களாக. மேலே பார்த்து வியப்பதற்குக் கொன்கோர்ட் உண்டு. கீழே பார்த்துச் சிந்திப்பதற்குச் சார்ல்டன் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காணும் கண்ணே வரலாற்றுக் கண்ணாகும்.